மூன்று விளக்கு எரிந்தும் பரிசு ஏறாத மெஷின்

சரிவான பலகையில் ஒரு எஃகுக் குண்டு உருண்டு வருகிறது. ரப்பர் வளையம் மாட்டிய தூண்களில் இடித்து, இரண்டு ஸ்பிரிங்குக்கு நடுவே தயங்கி நின்று, கடைசியில் 17 என்று எழுதிய குழியில் 'டொக்' என்று விழுகிறது. எதிரே நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் 17-ம் எண் பளிச்சென்று எரிகிறது. 9-ம் 3-ம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கின்றன. மூன்றும் ஒரே வரிசையில், அடுத்தடுத்த கட்டங்களில். ஜெயித்தாயிற்று. பரிசு வாங்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளே எதையோ தேடுகிற மாதிரி கடகடவென்று சத்தம். அப்புறம் அமைதி. கணக்கில் ஒன்றும் ஏறவில்லை.

அமெரிக்காவின் பழைய பிங்கோ பின்பால் மெஷினை வாங்கிப் பழுது பார்ப்பவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் இது. உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு டிரான்சிஸ்டர்கூடக் கிடையாது. ரிலே (மின்காந்தம் இழுத்து இயக்குகிற சுவிட்ச்), மோட்டார், சுவிட்ச், கட்டுக்கட்டாக ஒயர், அவ்வளவுதான். ஆனாலும் 25 எண் உள்ள கார்டில் எந்த வரிசையில் எத்தனை எண் அடுத்தடுத்து எரிகிறது என்று அது தானாகவே சரிபார்க்கும். எப்படிப் பார்க்கிறது என்று புரிந்துவிட்டால் ஏன் பார்க்கத் தவறுகிறது என்பதும் புரிந்துவிடும். புரியாமல் கையில் அரமும் ஸ்குரூடிரைவரும் எடுப்பவர்கள்தான் ஒரு கோளாறை ஒன்பதாக்குவார்கள்.

பின்பால் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி அடிக்கிற ஃபிளிப்பர். பிங்கோவில் அது கிடையாது. குண்டை ஏவிவிட்டபின் பலகையை லேசாகத் தட்டலாம், இடுப்பால் ஒரு இடி கொடுக்கலாம்; ரொம்ப அசைத்தால் 'டில்ட்' என்று ஆட்டம் பறிபோகும். பலகையில் பெரும்பாலும் 25 குழிகள். கண்ணாடியில் நம் ஊர் ஹவுசிச் சீட்டு போல ஒரு கார்டு, ஐந்துக்கு ஐந்து கட்டம். ஐந்து குண்டு. மூன்று, நான்கு அல்லது ஐந்து எண்கள் அடுத்தடுத்து ஒரே கோட்டில் எரிந்தால் பரிசு. பரிசு என்பது இலவச ஆட்டங்கள்.

இந்த 'இலவச ஆட்டம்' என்ற சொல்லுக்குள்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. 1951 ஜனவரியில் அமெரிக்காவில் ஜான்சன் சட்டம் வந்தது. சூதாட்ட மெஷின்களை, அவை சட்டப்படி செல்லாத மாநிலங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றது. சிகாகோவின் மெஷின் கம்பெனிகளுக்கு அது பலத்த அடி. அதே ஆண்டிலேயே பாலி கம்பெனி 'பிரைட் லைட்ஸ்' என்ற மெஷினை இறக்கியது. யுனைடெட் கம்பெனி 'ஏபிசி' என்பதை இறக்கியது. பிரைட் லைட்ஸில் ஆறு கார்டு. ஒவ்வொரு காசுக்கும் ஒரு கார்டு உயிர்பெறும். காசு வெளியே கொட்டாது, இலவச ஆட்டம்தான் கணக்கில் ஏறும், ஆகவே இது பொழுதுபோக்குச் சாதனம் என்பது கம்பெனிகளின் வாதம்.

நடந்தது வேறு. ஆட்டக்காரருக்கு 80 இலவச ஆட்டம் சேர்ந்திருந்தால் கடைக்காரர் 80 ஆட்டத்துக்கான பணத்தை கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பிறகு பொட்டியில் கண்ணில் படாத ஓர் இடத்திலுள்ள பொத்தானை அழுத்தி அந்த 80-ஐயும் அழித்துவிடுவார். அழித்த ஆட்டங்களை உள்ளே ஒரு மீட்டர் எண்ணி வைத்திருக்கும். மெஷின் உரிமையாளர் வந்து மீட்டரைப் பார்த்து, கடைக்காரர் கொடுத்த பணத்தைக் கழித்துக்கொண்டு வசூலைப் பங்கு பிரிப்பார். வெறும் பொழுதுபோக்கு என்றால் ஜெயித்த ஆட்டத்தை அழிக்க ஒரு பொத்தான் எதற்கு? நீதிமன்றங்களும் அதையேதான் கேட்டன. 1957-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இப்படிப் பணம் கொடுக்கப் பயன்படும் மெஷினுக்கு ஆண்டுக்கு 10 டாலர் பொழுதுபோக்கு வரி போதாது, சூதாட்டச் சாதனத்துக்கான 250 டாலர் வரி கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1962-ல் மத்தியச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். உள்நாட்டுச் சந்தை சுருங்கியதும் பாலி தன் பிங்கோக்களை பெல்ஜியம் போன்ற நாடுகளுக்கு நிறைய அனுப்பியது. அங்கே கஃபே மூலைகளில் இந்த ஆட்டம் இன்னும் தொடர்கிறது. பெல்ஜியத்தின் 1999 சூதாட்டச் சட்டம் ஒரு கஃபேயில் இரண்டு மெஷின் வரை அனுமதிக்கிறது.

பழுது பார்ப்பவருக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். சூதாட்டத்துக்காகக் கட்டிய மெஷின் என்பதால் இரண்டு விஷயங்கள் இதன் உடம்பிலேயே ஊறியிருக்கின்றன. ஒன்று, ஏமாற்ற வருபவர்கள் மேல் சந்தேகம். கம்பி விட்டுச் சுவிட்சைத் தட்டுவது, பொட்டியைத் தூக்கிப் போடுவது என்று ஆட்டக்காரர்கள் செய்யாத வித்தை இல்லை. அதைத் தடுக்கவே தனி ரிலேக்கள் உண்டு. அந்தச் சுற்றில் ஒரு காண்டாக்ட் அழுக்கானால் மெஷின் யாருமே தொடாதபோதும் 'என்னை ஏமாற்றுகிறார்கள்' என்று முடிவுகட்டி முடங்கிக்கொள்ளும். இன்னொன்று, மெஷின் எவ்வளவு தாராளமாக இருக்க வேண்டும் என்று தானே தீர்மானிக்கிற ஏற்பாடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தேடலைப் பார்ப்போம். குழியில் விழுந்த குண்டு கீழே போய்விடுவதில்லை. பலகைக்கு அடியில் ஷட்டர் என்ற இன்னொரு பலகை இருக்கிறது. குண்டு அதன்மேல் உட்கார்ந்து, பக்கத்திலுள்ள சுவிட்சின் தகட்டை அழுத்திக்கொண்டிருக்கும். சுவிட்ச் மூடியிருக்கும் வரை அந்த எண்ணின் விளக்கு எரியும். அடுத்த ஆட்டத்துக்குக் காசு போட்டதும் ஒரு மோட்டார் ஷட்டரை நகர்த்தும். துளைகள் நேருக்கு நேர் வரும், குண்டுகள் எல்லாம் பொலபொலவென்று கீழே உள்ள தொட்டியில் விழும்.

இனி பரிசுக் கணக்கு. ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் குறுக்கே 5 வரிசை, நெடுக்கே 5, மூலைக்கு மூலை 2, ஆக 12 கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஐந்து இடம். மெஷினில் ஐந்து தேடல் ரிலேக்கள். கோட்டின் முதல் இடத்துக்கு முதல் ரிலே, இரண்டாம் இடத்துக்கு இரண்டாவது, இப்படி. நடுவே ரிவெட்டுகள் பதித்த பேக்கலைட் (மின்சாரம் பாயாத ஒரு பிளாஸ்டிக்) வட்டு, அதன்மேல் தேய்த்துக்கொண்டு சுற்றும் பித்தளைக் கைகள். கைகள் ஒரு நிலைக்கு வரும்போது முதல் கோட்டின் ஐந்து குழிச் சுவிட்சுகளும் ஐந்து ரிலேக்களோடு இணையும். குண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தின் ரிலே மட்டும் இழுக்கும். 1-2-3, அல்லது 2-3-4, அல்லது 3-4-5 சேர்ந்து இழுத்தால் 'மூன்று கிடைத்தது' என்று பொருள். கைகள் அங்கேயே நின்று பரிசை ஏற்றும். இல்லையென்றால் அடுத்த கோடு. பள்ளி வாத்தியார் வருகைப்பதிவேட்டை வரிசை வரிசையாக விரலால் தடவிப் பார்ப்பதுபோலத்தான்.

இந்தப் படம் மனதில் இருந்தால் மூடியைத் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடும். 17-ல் குண்டு விழுந்தும் 17 எரியவில்லை என்றால் குழிச் சுவிட்சையும் பல்பையும் பார்த்தால் போதும், தேடல் பக்கமே போக வேண்டாம். எண் எரிகிறது, ஆனால் அந்த எண் இருக்கிற எந்தக் கோட்டுக்கும் பரிசு ஏறவில்லை என்றால் அந்தக் குழியிலிருந்து வட்டுக்குப் போகும் ஒயரோ பிளக்கோதான் குற்றவாளி. ஒரு குறிப்பிட்ட கோட்டுக்கு மட்டும் எந்த எண் விழுந்தாலும் பரிசு இல்லையா? வட்டில் அந்த நிலையின் ரிவெட்டுகளை அழுக்கு மூடியிருக்கும், அல்லது கைகள் சற்றுத் தள்ளி நிற்கும். எல்லாக் கோட்டிலும் முதல் மூன்று இடத்துக்குப் பரிசு கிடைக்கிறது, கடைசி மூன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் நான்காவது, ஐந்தாவது ரிலேயைப் பாருங்கள். மூன்றாவது ரிலேயே செத்திருந்தால்? மேலே சொன்ன மூன்று சேர்க்கையிலும் அது இருப்பதால் மெஷின் ஒருவருக்கும் ஒன்றும் தராது.

ஆகவே அனுபவசாலிகள் முதலில் செய்வது, பலகையை மூடியிருக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு குண்டுகளைக் கையாலேயே குழிகளில் வைத்து, 12 கோட்டையும் ஒவ்வொன்றாகச் சோதித்து ஒரு தாளில் டிக் அடிப்பது. அரை மணி நேர வேலை. இதைச் சலிப்பு என்று தவிர்ப்பவர்கள் பிறகு நான்கு நாள் ஒயரைத் துரத்திக்கொண்டு திரிவார்கள்.

நம் 9, 3, 17-க்கு வருவோம். அந்தக் கோட்டிலேயே 17 இல்லாமல் அடுத்தடுத்த மூன்று எண் வைத்தால் பரிசு ஏறுகிறது. 3 வருகிற இன்னொரு கோட்டிலும் ஏறுகிறது. 17 வருகிற எந்தக் கோட்டிலும் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையிலிருந்து எண்கள் எரியும் தலைப் பெட்டிக்கு ஒயர்கள் தடித்த பல்முனைப் பிளக்குகள் வழியாகப் போகின்றன. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் பித்தளை முனைகள் பழுப்பேறி, ஒன்றில் பச்சைக் களிம்பே பூத்திருக்கும். நார்த்துணியால் தேய்த்துத் திரும்பச் செருகினால் பொத்தானை அழுத்தியதும் தேடல் அந்தக் கோட்டில் நின்று, 'டக் டக் டக்' என்று ஆட்டங்கள் ஏறும். புதுப் பாகம் ஒன்றுகூட வாங்கவில்லை. இந்த மெஷின்களின் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்: அழுக்கு, களிம்பு, லூஸ் காண்டாக்ட்.

அழுக்கிலும் மோசமானது பழைய கிரீஸ். கம்பெனி தடவிய கிரீசோடு, பிற்காலத்தில் யார் யாரோ 'கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகும்' என்று விட்டதெல்லாம் சேர்ந்து, அறுபது எழுபது ஆண்டுகளில் பிசினாக இறுகியிருக்கும். படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் யூனிட்டுகளின் அச்சு அதில் ஒட்டிக்கொள்ளும். மின்காந்தக் காயில் இழுக்கும், பல்சக்கரம் ஒரு பல் முன்னேறும், ஆனால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்குக் கொண்டுவர முடியாது. மெஷின் பழைய ஆட்டத்தின் நினைவிலேயே நின்றுவிடும். அச்சைக் கழற்றி, ஸ்பிரிட்டால் கழுவி, உலரவைத்துப் பூட்டுவதுதான் வழி. கழற்றும் முன் ஸ்பிரிங் எத்தனை சுற்று முறுக்கியிருந்தது என்று எழுதி வையுங்கள். போனில் படமும் எடுங்கள். ஆனால் முறுக்குக் கணக்கு படத்தில் தெரியாது. துரு நீக்க விற்கும் ஸ்பிரே எண்ணெயை உள்ளே அடிக்கவே கூடாது. அன்று சுற்றும், ஆறு மாதத்தில் தூசியைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பிசினாகும், பேக்கலைட் வட்டில் படிந்தால் அடுத்தடுத்த ரிவெட்டுகளுக்கு நடுவே மின்சாரம் கசியும் கரிப்பாதையும் போடலாம்.

ரிலே காண்டாக்டுகளுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலானவை வெள்ளிப் பொட்டு வைத்தவை, மென்மையானவை. உப்புத்தாளோ முரட்டு அரமோ பட்டால் பொட்டு தேய்ந்துபோகும். கெட்டியான விசிட்டிங் கார்டை இரண்டு பொட்டுக்கும் நடுவே வைத்து, மெல்ல அழுத்தி இழுத்தால் கறுப்புக் கோடு வரும். பல நேரம் அதுவே போதும். மோட்டார், பெரிய காயில் போன்றவற்றுக்குப் போகும் மின்சாரத்தைத் தாங்கும் டங்ஸ்டன் காண்டாக்டுகளுக்கு மட்டும் மெல்லிய அரம் சரி. அப்புறம், தகடுகளை வளைக்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒரு ரிலேயில் நான்கைந்து ஜோடித் தகடுகள் இருக்கும். சில மூட வேண்டியவை, சில பிரிய வேண்டியவை. ஒன்றை வளைத்தால் பக்கத்துத் தகட்டின் இடைவெளியும் மாறும். கோளாறு என்று உறுதியாகத் தெரிந்த தகட்டை மட்டும் தொடுங்கள், தொட்டதும் சோதியுங்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதும் உண்டு. சுவருக்குப் போகும் ஒயரின் உறை வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஃபியூஸ் பிடியில் வெள்ளித்தாள் சுருட்டி வைத்திருக்கிறார்களா, அளவுக்கு மீறிய ஃபியூஸ் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டுமே நடக்கிற அநியாயம்தான். ரிலே காயில்களுக்கு சுமார் 50 வோல்ட் ஏசி, பல்புகளுக்கு 6 வோல்ட் அளவில் வருகிறது என்றாலும், முதன்மைப் பக்கத்திலும் மோட்டார் பக்கத்திலும் கை வைக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவதே நல்லது. ஐரோப்பாவில் ஓடிய மெஷின் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் எந்த வோல்டேஜுக்கு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50-ல் ஓட்டினால் வேகம் குறையும், சூடும் கூடும். எல்லா மோட்டாரையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கேதான் முதல் வேலை.

குண்டுகளை எண்ணுங்கள். இது கிண்டல் இல்லை. ஆட்டம் ஐந்து குண்டில் தொடங்கினாலும் கூடுதல் குண்டு வாங்கும் வசதியுள்ள மெஷின்களில் எட்டு வரை உள்ளே இருக்க வேண்டும். குண்டுகள் தொட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டன என்பதை மெஷின் சுவிட்ச் வழியாகத்தான் அறிகிறது. முந்தைய உரிமையாளர் வீட்டுப் பிள்ளை ஒரு குண்டை கோலி விளையாட எடுத்துப் போயிருந்தால், நீங்கள் ரிலேக்களைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உங்களுக்கு முன் இந்த மெஷினுக்குள் யாராவது கை வைத்திருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வெட்டிவிட்ட ஒயர், ரிலேக்கு நடுவே செருகிய தீக்குச்சி, வேறு நிறத்தில் ஒரு ஒட்டு ஒயர். தொழிற்சாலை ஒயர்களின் நிறத்தை வரைபடத்தில் எண்ணாகக் குறித்திருப்பார்கள்: ஒரு எண் உடம்பின் நிறம், இன்னொன்று அதன்மேல் ஓடும் கோட்டின் நிறம். துணி உறை மங்கிப்போய் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். கட்டுக்குள்ளே, வெளிச்சம் படாத இடத்தில் உறையைத் திருப்பிப் பார்த்தால் அசல் நிறம் கிடைக்கும். வரைபடத்தில் இல்லாத ஒயர் தென்பட்டால் உடனே அறுத்துவிடாதீர்கள். யாரோ எதையோ சமாளிக்கப் போட்டது அது. எதைச் சமாளித்தார்கள் என்பதே நல்ல துப்பு.

இப்போது தாராளம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிங்கோவில் ஒரே ஆட்டத்துக்குக் காசு மேல் காசு போடலாம். ஒவ்வொரு காசுக்கும் பரிசு விகிதம் உயரவோ, ஏதாவது ஒரு சலுகை கிடைக்கவோ வாய்ப்பு உண்டு; உத்தரவாதம் இல்லை. அதைத் தீர்மானிப்பவை 'மிக்சர்' எனும் வட்டுகள். காசு விழுந்ததும் கிளட்ச் விடுபட்டு மிக்சர்களின் கைகள் சுற்றி ஏதோ ஒரு ரிவெட்டில் நிற்கும். எல்லா மிக்சர் வழியாகவும் மின்சாரத்துக்குப் பாதை அமைந்தால் சலுகை. ஒன்றில் அறுந்தாலும் இல்லை. அதிர்ஷ்டம் என்று ஆட்டக்காரர் நினைப்பதெல்லாம் இந்தக் கைகள் நின்ற இடம்தான்.

அந்தப் பாதையில் கடைசி வாயில்காப்பாளர் மாதிரி 'ரிஃப்ளெக்ஸ்' என்றொரு யூனிட் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் காசு போடப் போட அது ஒரு பக்கம் படியேறும், பாதைகள் கூடும். அவர்கள் ஜெயிக்க ஜெயிக்க மறுபக்கம் இறங்கும், பாதைகள் அடைபடும். நிறைய வாங்கிவிட்ட மெஷின் கை தளர்த்தும், நிறையக் கொடுத்துவிட்ட மெஷின் கையை இறுக்கும். 1950-களில் ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லாமல் இதைச் செய்த பொறியாளர்களின் மூளையை மெச்சாமல் இருக்க முடியாது. அந்த மூளை எதற்குச் செலவானது என்பது வேறு விஷயம்.

பழுது பார்ப்பவருக்கு இதில்தான் கடைசிக் குழப்பம் வரும். தேடல் சரி, குண்டு ஏறுகிறது, ஷட்டர் திறக்கிறது, ஆனால் இருபது காசு போட்டும் விகிதம் அசையவில்லை. கோளாறா, கஞ்சத்தனமா? மிக்சர் கைகள் ஒவ்வொரு காசுக்கும் வேறு வேறு இடத்தில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒரே இடத்தில் நின்றால் கிளட்சில் பிசின். நன்றாகச் சுற்றுகின்றன என்றால், ரிஃப்ளெக்ஸ் யூனிட்டின் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு இன்னும் சில காசு போடுங்கள். காசு கூடிக்கொண்டே போயும் கை ஒரு படிகூட நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் மறுபடி ஸ்பிரிட்டும் துணியும். அவ்வப்போது 'கிளிக்' என்று தாராளப் பக்கம் ஒரு படி ஏறினால் மெஷினில் ஒரு பழுதும் இல்லை. வீட்டில் விருந்தாளிகள் ஆடுவதற்குத்தானே என்றால் உள்ளே தாராளத்தை மாற்றும் பிளக் இருக்கிறது, தாராளப் பக்கம் மாற்றிச் செருகிவிடலாம். இல்லையென்றால் இன்னும் காசு போட வேண்டியதுதான்.